கூத்துக்குக் காசு கேட்கப் போனோம்

அரசாங்கத்திடம் ரோடு கேட்பார்கள், தண்ணீர்க் குழாய் கேட்பார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்பார்கள். கூத்துக்குக் காசு கேட்டவர்கள் உண்டா? நாங்கள் கேட்டோம். அதுவும் வெள்ளைக்காரன் ஆண்ட மலாய் நாட்டு அவசரகாலத்தில், நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்த நாளில், நாலு பேர் சேர்ந்து நின்றாலே துப்பாக்கிக்காரன் வந்து என்ன பேச்சு என்று கேட்கிற நாளில். இப்போது கலைக்கு மானியம் கேட்டுக் கோட்டும் டையுமாகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நான் போனது ரப்பர் பால் கறை போகாத கையோடு. தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பெருமைப்பட விஷயம் இருக்கிறது, பெருமைப்படுகிறேன்.

எங்கள் தோட்டம் பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் நடுவில். வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும். அந்த மலைக்காட்டில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று சொல்லி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து வேலி அடைத்தார்கள். சாயங்காலம் கேட்டைச் சாத்தினால் மறுநாள் வெளிச்சம் வந்த பிறகுதான் திறப்பார்கள். வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்தி மடியைத் தடவிப் பார்ப்பார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். அதனால் எங்களுக்கே சோறு கிடையாது. வெறும் வயிற்றோடு ரப்பர் மரம் சீவி, மத்தியானம் வந்துதான் சாப்பிடுவோம்.

இந்த நிலைமையில் கூத்து எங்கே இருக்கும்? அதற்கு முன்னால் ஒவ்வொரு கோயில் திருவிழாவிலும் விடிய விடிய எங்கள் தோட்டத்துக் கூத்து நடந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கதை, எங்கள் ஆட்களே கட்டியது. ஒரு ராஜாவின் கோட்டையை மைத்துனன் பிடித்துக்கொள்கிறான். ராஜா மலையடிவாரத்தில் படையோடு ஒளிந்திருந்து திரும்பப் பிடிக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அந்த ராஜா என் அண்ணன். தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போதுகூட, “ராஜா, இன்னிக்கு நீங்க மேட்டு நிரைக்குப் போங்க” என்றுதான் கங்காணி சொல்வார். ராஜாவும் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவார்.

மேடையில் பெண்கள் ஏறக் கூடாது. ராணியாக நடிக்கவும் மீசையை எடுத்த ஆண்தான் வர வேண்டும். நான் தோட்டப் பள்ளியில் நன்றாகவே படித்தவள் என்பதால் எனக்குத் திரைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. யாராவது வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லோருடைய வசனமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த இடத்தில் யார் இருமுவார், எந்த இடத்தில் யாருக்குத் தொண்டை கட்டும் என்பதுகூடத் தெரியும்.

ஊரடங்கு வந்ததும் கூத்து நின்றது. தப்பு, உறுமி மேளங்களைத் தோட்டத்து ஆபீஸில் வாங்கி வைத்துப் பூட்டிவிட்டார்கள். காட்டுக்குச் சமிக்ஞை கொடுப்போமாம். கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்கள். எங்களுக்குக் கிழக்கிலும் கம்பி, மேற்கிலும் கம்பி. திருவிழா வந்தது, போனது. சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தோம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் ஒலிபெருக்கி கட்டிய அரசாங்க வண்டி வந்தது. படம் காட்டுகிற வண்டி. படம் போடுவதற்கு முன்னால் தமிழில் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். மக்களுடைய விளையாட்டுக்கும் கலைகளுக்கும் அரசாங்கம் பண உதவி செய்யப் போகிறது, மாவட்ட அதிகாரி டவுனில் கூட்டம் வைக்கிறார், அந்தந்த ஊரிலிருந்து ஆள் வந்து என்ன வேண்டும் என்று கேட்கலாம் என்றார்கள். சனங்களின் மனத்தைக் காட்டுப் பக்கம் போகாமல் பிடித்து வைக்க ஒரு வழி. அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மாடு எதற்காகப் பால் கொடுத்தால் என்ன, கறந்துகொள்ள வேண்டியதுதான்.

தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் எங்கள் கூட்டம் அங்கேதான் நடந்தது. மந்திரி வேஷம் கட்டுகிறவர் பேச்சை ஆரம்பித்தார்.

“பந்து கேட்டா பந்து குடுப்பான். கூத்து கேட்டா என்னா குடுப்பான்? ஒததான் குடுப்பான்.”

“காசு கெடக்கட்டும்ணே,” என்றேன் நான். “அரசாங்கமே காசு குடுத்த கூத்த எந்தப் போலீஸ்காரன் வந்து நிறுத்துவான்? காசு வாங்குனா பெர்மிட்டும் கூடவே வந்துரும்லா.”

எல்லோரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அண்ணன் தாடையைத் தடவினார். பிறகு, “அழுத புள்ளதான் பால் குடிக்கும். நானே போய்க் கேக்குறேன்” என்றார். மறுநாள் காலையில் அந்த யோசனை அவருடையதாகிவிட்டது. குழுத் தலைவர் என்று தன் பெயரை டவுனுக்கு எழுதி அனுப்பிவிட்டு, தோட்டம் முழுக்கத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். போகட்டும் என்று விட்டேன். இங்கே எழுதி வைத்தாயிற்று.

அண்ணிக்கு மட்டும் இதில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கூத்து என்றாலே அவருக்கு ஆகாது. கல்யாணப் பட்டுச் சேலை ஒவ்வொரு வருஷமும் மீசை எடுத்த ராணிக்குப் போய், முகப்பூச்சு அப்பிக்கொண்டு திரும்பி வந்தால் யாருக்குத்தான் ஆகும்? கூத்து நின்றதில் தோட்டத்தில் சந்தோஷப்பட்ட ஒரே மனுஷி அவர்தான்.

காசு கிடைத்தமாதிரியே நினைத்துக்கொண்டு அண்ணன் ஒத்திகையை ஆரம்பித்தார். அதில்தான் வினை வந்தது. எங்கள் ஒத்திகை எப்போதும் ரப்பர் மரங்களுக்கு நடுவில்தான். ஆளுக்கொரு நிரையில் மரம் சீவிக்கொண்டே போவோம். இந்த நிரையிலிருந்து ராஜா கேட்பார், அந்த நிரையிலிருந்து மந்திரி பதில் சொல்வார். கை பாட்டுக்குச் சீவும், வாய் பாட்டுக்கு அரசாளும். வேலையும் கெடாது, வசனமும் மறக்காது. பழைய பழக்கம் என்பதால், காலம் மாறியது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அன்றைக்கு மந்திரி காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அண்ணன் விடுவாரா? இரண்டு பேருக்கும் அவரே பேசினார்.

“மந்திரி! நம் படை எங்கே?” இது ராஜா, இடி மாதிரி.

“மலையடிவாரத்தில் மறைந்து நிற்கிறது, மன்னா!” இது மந்திரி, மூக்கால்.

“நாளை விடிவெள்ளி முளைக்குமுன் கோட்டைக்குள் புகுவோம்! காவலரில் ஒருவனையும் விடாதே!”

சரிவில் கீழே சீவிக்கொண்டிருந்த எனக்கு இது அப்படியே கேட்டது. மேட்டுப் பாதையில் வந்த ரோந்துப் படைக்கும் கேட்டது. அந்தப் படையில் தமிழ் தெரிந்த ஒருவனும் இருந்தான். பின்னால் மலை இருக்கிறது, முன்னால் வேலி போட்ட லயம் இருக்கிறது. கேட்டவன் வேறு என்ன நினைப்பான்?

நான் ஏறிப் போவதற்குள் அண்ணன் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் துப்பாக்கி. அவர் என்னைப் பார்த்து, “ஏ புள்ள, என் மங்குல பால் நெறஞ்சுரும். எடுத்து ஊத்திரு” என்றார். அழுதுகொண்டே அவர் நிரையில் மரத்துக்கு மரம் கட்டியிருந்த மங்குக் கிண்ணங்களின் பாலையும் எடுத்து வாளியில் ஊற்றினேன்.

அண்ணன் உண்மையைத்தான் சொன்னார். கூத்து ஒத்திகை என்றார். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி, “மானா லாகி சத்து ஓராங்?” இன்னொருத்தன் எங்கே? இரண்டு குரல் கேட்டது, ஆள் ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றவன் காட்டுக்குள் ஓடிவிட்டான் என்றுதானே அர்த்தம். அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று அண்ணன் சொல்லச் சொல்ல, ஆளைக் காட்டிக் கொடுக்க மறுக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். தோட்டத்துத் துரையிடம் போய் நின்றோம். போலீஸ் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்றுவிட்டார். டவுனுக்குப் போய் விசாரித்து வந்த ஆபீஸ் கிராணி, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அந்த ரெண்டாவது ஆளச் சொல்லலன்னா கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களாம்.”

எந்த இந்தியா? அண்ணன் பிறந்தது எங்கள் லயத்தில். அப்பா அம்மா வந்த ஊரின் பெயர் தெரியும், அது எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. அங்கே யார் வாசலில் போய் இவர் நிற்பார்? இங்கே இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அண்ணி என்ன செய்வார்? அன்றைக்கு அண்ணி அழவில்லை. அடுப்பை மூட்டிவிட்டு, எரிகிற விறகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

மாவட்ட அதிகாரியின் கூட்ட நாள் வந்தது. எங்கள் தோட்டத்துப் பிரதிநிதியோ லாக்கப்பில். மற்றவர்கள் எல்லாம் கூத்து என்ற வார்த்தையைச் சொல்லவே நடுங்கினார்கள். நான் போகிறேன் என்றேன். “நீயா?” என்றார் மந்திரி. அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தாலும் பயம் விடவில்லை. “பின்ன நீங்க போறீங்களாண்ணே?” என்று கேட்டதும் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அண்ணியும் வருகிறேன் என்றார். கூத்துக்காக இல்லை. அங்கே யாராவது பெரிய அதிகாரி இருந்தால் காலில் விழுந்தாவது புருஷனைக் கேட்பதற்காக. பெட்டியிலிருந்து அந்தப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டார். முகப்பூச்சுக் கறை தெரியாமல் மடிப்பை உள்ளே விட்டுச் செருகினார். பஸ்ஸில் போகும் வழியெல்லாம், “அந்தக் கூத்தப் பத்தி மட்டும் பேசிராத புள்ள, இன்னும் கோவம் வந்துரப் போகுது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் பெண்கள் நாங்கள் இருவர் மட்டுமே. உட்கார இடம் கொடுத்தவர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய். திருவிழாவுக்கு எங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்குக் கொடுத்து அனுப்புகிறவர், வியாபாரிகள் சார்பில் வந்திருந்தார். நான் சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பதைக் கேட்டுவிட்டு, “ஒரக்கப் பேசு தங்கச்சி. முணுமுணுத்தா எதையோ மறைக்கிறேன்னு நெனச்சிருவாங்க” என்றார். அதற்கு முன்னும் பின்னும் எனக்கு எத்தனையோ பேர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். உருப்படியான புத்தி அதுதான்.

மேசைக்குப் பின்னால் மாவட்ட அதிகாரி, மலாய்க்காரர், வயதானவர். பக்கத்தில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி. ஓரத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் குமாஸ்தா. ஒவ்வொருவராக எழுந்து கேட்டார்கள். பந்து கேட்டார்கள், ரேடியோ கேட்டார்கள், திடல் கேட்டார்கள். எங்கள் தோட்டத்தின் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன்.

“எங்களுக்குக் கூத்து மேடை வேணும். தெரச்சீல வேணும். கூத்து ஆட அனுமதி வேணும்.”

குமாஸ்தா மலாயில் சொன்னார். அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் குழுவின் தலைவர் என்று ஓர் ஆண் பெயர் இருக்கிறதே, அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

“அவரு ஒங்க லாக்கப்புல இருக்காருங்க.”

அண்ணி என் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தார். குமாஸ்தா வாயைத் திறக்கவில்லை, இதை மொழிபெயர்த்தால் தன் வேலை போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ. சரி, அவரை நம்பிப் பயனில்லை என்று நானே சந்தை மலாயில் சொல்ல ஆரம்பித்தேன். இத்து வாயாங் சஜா, துவான், அது வெறும் கூத்துதான் ஐயா. அவர் பேசியது ராஜாவின் பேச்சு, பதில் சொன்னது மந்திரியின் பேச்சு. இரண்டையும் பேசியது ஒரே ஆள். எனக்கு அப்போது பயம் போய்விட்டது. கோபம் வந்துவிட்டால் எனக்குப் பயம் இருக்காது.

போலீஸ் அதிகாரி குறுக்கிட்டார். ரோந்துப் படை கேட்டது இரண்டு ஆட்களின் குரல், ஒருவன் தப்பிவிட்டான் என்றார். “ஒருத்தர் ரெண்டு குரல்ல பேச முடியும், துவான். நானே பேசுவேன்” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. இருபது வயசுப் பெண், அத்தனை ஆண்களுக்கு நடுவில், மேடை ஏறவே கூடாதென்று வைத்திருந்தவள்.

மாவட்ட அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பேசு என்றார்.

வயிற்றிலிருந்து குரலை எடுத்தேன். “மந்திரி! நம் படை எங்கே?” மண்டபத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் பாய் பிற்பாடு அப்படித்தான் சொன்னார். உடனே மூக்கால், “மலையடிவாரத்தில் மறைந்து நிற்கிறது, மன்னா!” நிறுத்தவில்லை. கோட்டைக்குள் புகுவதையும் சொன்னேன், அதற்கு மந்திரி பயந்து போய்ச் சொல்லும் பதிலையும் சொன்னேன், ராஜா அவரைத் திட்டுவதையும் சொன்னேன். மந்திரி அழுகிற இடத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரியின் தோளும் குலுங்கியது.

அவர் முகத்தைத் திருப்பாமலே, “துவா ஓராங்” என்றார். இரண்டு பேர். பிறகு திரும்பிப் பார்த்தார், ஒரு பெண்தான் நின்றுகொண்டிருந்தாள். போலீஸ் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அந்த வெள்ளைக்காரர் முகம் சிவந்ததைப் பார்த்து எனக்கு அர்த்தம் புரிந்தது. அப்போது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அது பிள்ளை பெற்றபோதுகூட வரவில்லை.

ஆனால் போலீஸ் அதிகாரி விடவில்லை. அந்த ஆள் விஷயத்தைத் திரும்ப விசாரிக்கிறோம், கூத்துக்குக் கூட்டம் கூடுவது மட்டும் ஆபத்து என்றார். குமாஸ்தாவுக்கும் இப்போது வாய் திறந்திருந்தது, தமிழிலேயே பேசினேன்.

“கூத்து அன்னிக்குத் தோட்டத்துச் சனம் மொத்தமும் ஒரே எடத்துல ஒக்காந்திருக்கும். நீங்க மொத வரிசையில ஒக்காந்து எல்லார் மொகத்தையும் பாக்கலாம். பகல்லயே ஆடுறோம். ஆனா ராஜா உள்ள இருந்தா கோட்டையப் புடிக்கிறது யாரு? தலைவரு இல்லாத குழுவுக்கு அரசாங்கம் எப்படிக் காசு குடுக்கும்?”

மாவட்ட அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். இந்தக் கூத்துக்கு உதவி செய்யலாம், அந்த ஆளை விடுவதானால் அவருக்குப் பொறுப்பேற்பது யார் என்று கேட்டார். குழுதான் பொறுப்பு என்றேன். குழு என்றால் யார், யார் கையெழுத்துப் போடுவது என்றார். நான் முன்னால் நடந்தேன். என்னோடு அண்ணியும் நடந்து வந்தார். கூத்தைப் பற்றிப் பேசாதே என்று வழியெல்லாம் கெஞ்சியவர், மேசைக்கு முன்னால் நின்று பட்டுச் சேலையின் உள்மடிப்பை வெளியே இழுத்து அந்தக் கறையைக் காட்டினார்.

“இது கூத்துல ராணி கட்டுன சேலைங்க. கூத்து நெசம். என் வீட்டுக்காரரு கூத்துக்காரரு. நானும் கையெழுத்துப் போடுறேன்.”

நான் தமிழில் என் பெயரை எழுதினேன். அண்ணி தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார்.

விசாரணை முடிந்து அண்ணன் வெளியே வந்த அன்று நாங்கள் இருவரும் போலீஸ் நிலைய வாசலில் நின்றோம். கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளத்து, தாடியோடு வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பார் என்று பார்த்தால், “மேடைக்குக் காசு குடுக்குறாங்களாமே?” என்று கேட்டார். அண்ணி குடையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்று, அதே குடையை அவர் தலைக்குமேல் விரித்துப் பிடித்தார்.

மண்டபத்தில் நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தோம். டவுன் கடைகளைத் தாண்டும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

“மந்திரி கொரல எப்படிப் பேசுன? பேசிக் காட்டு.”

“ரோட்டுலயாண்ணே?”

“பேசு புள்ள.”

ரோட்டிலேயே நின்று பேசினேன். பக்கத்துக் காப்பிக் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி எங்கள் இருவரையும் தோளில் பிடித்துத் தள்ளினார். “வாய மூடுங்க ரெண்டு பேரும். இன்னொரு தடவ வந்து கையெழுத்துப் போட என்னால ஆகாது.” அண்ணன் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு முன் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

“அந்தாளு மூக்கால பேசுவான், அழத் தெரியாது” என்றார். “இந்த வருஷம் மந்திரி நீ.”

“பொம்பள மேடையில ஏறலாமாண்ணே?”

“என்னா கேள்வி கேக்குற? என்னைய வெளிய எடுத்தவளுக்கு எந்த மேடை கூடாதுன்னு நான் சொல்றது?”

அந்தத் திருவிழாவில், கம்பி வேலிக்குள்ளே, சுள்ளென்று அடித்த வெயிலில் கூத்து நடந்தது. அரசாங்கப் பலகையில் கட்டிய மேடை, அரசாங்கத் துணியில் தைத்த திரை. முதல் வரிசையில் மாவட்ட அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளோடு அண்ணி. ராஜா கூப்பிட்டார். நான் மீசை ஒட்டிக்கொண்டு திரையை விலக்கி மேடைக்கு வந்தேன்.